பதில்: 'யூனிபொடென்ட்' அணியை அடுக்கினால் ஏன் அலகு அணி வரவில்லை?

'யூனிபொடென்ட்' அணியை (அணி என்பது எண்களை நிரை, நிரலாக அடுக்கிய அட்டவணை) தன்னோடே திரும்பத் திரும்பப் பெருக்கியும் அலகு அணி (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) வரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட கணக்கு சரிதான், பெயர்தான் ஏமாற்றுகிறது. முதல் நிரை 1, 1; இரண்டாம் நிரை 0, 1 என்ற அணியை எத்தனை முறை தன்னோடு பெருக்கினாலும் மேல் வலது மூலை 2, 3, 4 என்று ஏறிக்கொண்டேதான் போகும். 'யூனிபொடென்ட்' என்றால் அடுக்கினால் அலகு அணி ஆகும் என்று பொருள் இல்லை. அலகு அணியைக் கழித்தபின் மிஞ்சுவது 'நில்பொடென்ட்', அதாவது ஏதோ ஓர் அடுக்கில் பூச்சியமாகிவிடும் என்பதே பொருள். கழித்துப் பாருங்கள்: முதல் நிரை 0, 1; இரண்டாம் நிரை 0, 0. இதன் வர்க்கம் பூச்சிய அணி. முடிந்தது.

3×3 அணியானால், கழித்தபின் மிஞ்சுவதன் கனம் வரை பார்த்தால் போதும். அதற்குள் பூச்சியமாகாதது எப்போதும் ஆகாது.

நீங்கள் தேடியது, வர்க்கித்தால் அலகு அணி தருவது, 'இன்வொலூட்டரி'. உதாரணம்: முதல் நிரை 0, 1; இரண்டாம் நிரை 1, 0.

'இடெம்பொடென்ட்' வேறு. அதன் வர்க்கம் அதே அணி. நான்கு இடத்திலும் ½ போட்டுப் பெருக்குங்கள்: ¼ + ¼ = ½, மாறாது. 'இடெம்' லத்தீனில் 'அதுவே'. 'இடெம்பொடென்ட்', 'நில்பொடென்ட்' என்ற சொற்களை 1870-இல் உருவாக்கியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ். நிரலாளர்கள் 'இடெம்பொடென்ட்' என்பதைக் கடன் வாங்கி, ஒரே கட்டளையை இரண்டாம் முறை அனுப்பினாலும் விளைவு மாறாததற்கு வைத்துக்கொண்டார்கள், பொருத்தமான கடன்தான்.

ஒரு எச்சரிக்கை: ஐகன் மதிப்புகளை (சில திசையன்களை அணி வெறுமனே எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்களை) மட்டும் வைத்து 'இடெம்பொடென்ட்' என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு அவை 0 அல்லது 1 ஆக இருந்தாக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் அணிக்கே இரண்டு ஐகன் மதிப்பும் 1, வர்க்கமோ வேறு.