மும்பை ராயல் ஓபரா ஹவுஸுக்கு ஓபராவே தெரியாத ஆள் போனா ஏதாவது புரியுமா?

ஓபரா, அதான் பாட்டாவே நடத்துற மேல்நாட்டு நாடகம், எனக்கும் தெரியாதுங்க. ஆனா "தெரியாத ஆள்"னு கேட்டீங்கள்ல, அது சுருக்குனு பட்டுச்சு, அதான் எழுதுறேன். நீங்க புதுசா வேலைக்கு வந்த பையனா இருப்பீங்க, உள்ள போனா யாராவது ஏற இறங்கப் பாப்பாங்களோனு கூச்சம். எங்க அப்பாவுக்கும் அதே கூச்சம்தான்.

நான் தாராவில பொறந்து வளந்தவன், பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். அப்பா அந்த ஏரியா வைர மார்க்கெட்டுல ஒரு ஆபீஸ்ல பியூன். எனக்கு ஓபரா ஹவுஸ்னா பஸ் ஸ்டாப் பேரு, அவ்ளோதான். 1993லயே மூடிட்டாங்க, அப்பாவுக்கு சோறு கொண்டு போறப்போ அந்தப் பூட்டுன கட்டடத்தத் தாண்டித்தான் போவேன், அதான் இதுனே தெரியாது. அப்பா மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடி அங்க பால்கனில இந்திப் படம் பாத்தவரு. 2016ல ரிப்பேர் பண்ணித் திறந்தப்போ கூப்டேன், "இப்ப அது பெரிய ஆளுக எடம்லே"னுட்டாரு. ரெண்டு வருஷம் கெஞ்சி ஒரு பியானோ கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

வாசல் ஹால்ல தொங்குற சரவிளக்கெல்லாம் சசூன்னு அந்தக் காலத்துப் பெரிய யூத வியாபாரி குடும்பத்து மாளிகைல இருந்து வந்ததாம், நான் வாயப் பொளந்துட்டு நிக்கிறேன், அவரு நேரா மாடிப்படி ஏறிட்டாரு. மேல போய் "இங்கனதாம்லே உக்காருவேன்"னு ஒரு வரிசையத் தடவிப் பாத்தவரு, மேடை ஓரத்துல தனியா அடைச்சு சீட் போட்டிருந்த பாக்ஸைக் காட்டி "இது அப்ப கெடையாதே"னாரு. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அவரு சொன்னது சரி! சினிமா தியேட்டரா மாத்துனப்போ பாக்ஸை எடுத்துட்டாங்க, ரிப்பேர் பண்ண ஆர்க்கிடெக்ட் ஆபா நாராயண் லாம்பா டீம் பழைய ஃபோட்டோவப் பாத்து திரும்பக் கட்டிருக்காங்க. சீலிங் கும்மட்டத்த எட்டா பிரிச்சு கவிஞர்கள், நாடகக்காரங்கனு வரைஞ்சிருக்கு, கடைசி வரிசைக்கும் சத்தம் தெளிவா வரணும்னே அந்த வளைவாம். எங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு.

உடனே "வெள்ளைக்காரன் கட்டுனதுக்கு வக்காலத்தா"னு கமெண்ட்ல வருவீங்க. 1911ல வேலை முடியறதுக்கு முன்னாடியே ஜார்ஜ் ராஜா வந்து திறந்தாரு, இல்லைங்கல. ஆனா கட்டுன ரெண்டு பேர்ல கல்கத்தா நாடகக் கம்பெனிக்காரர் பேண்ட்மன் ஒருத்தர், இன்னொருத்தர் ஜஹாங்கீர் ஃப்ராம்ஜி கராக்கா, பார்சி, நிலக்கரி புரோக்கர். மராத்தி நாடகத்துல பெரிய பாடகரான பால கந்தர்வா பாடுன மேடை அது. அப்புறம் நான் ஒண்ணும் வரலாறு படிச்சவன் கிடையாது, அதையும் சொல்லிடுறேன்.

இதுல என் வயித்தெரிச்சல் வேற. இங்க 23 வருஷம் பூட்டிக் கிடந்தத ஃபோட்டோவ வச்சு மீட்டுருக்காங்க, ஊர்ல எங்க தாத்தா வீட்ட பெரியப்பா மகன் ஒரே வாரத்துல இடிச்சான், தேக்கு உத்திரத்தையும் திண்ணைத் தூணையும் பழைய மரக்கடைக்குப் போட்டுட்டு இப்ப பாத்ரூம் டைல்ஸ முன்சுவர்ல ஒட்டி வச்சிருக்கான், கேட்டா "பராமரிக்க நீ வருவியா"ங்கிறான். சரி விடுங்க.

சும்மா கட்டடம் பாக்கலாம்னு போகாதீங்க, ஏதாவது ஷோவுக்கு டிக்கெட் போட்டுட்டுப் போங்க. ஸ்லோ ட்ரெயின்ல சர்னி ரோடு, கிழக்குப் பக்கம் இறங்கி நடந்துடலாம். பால்கனி எடுங்க, சீலிங் கிட்டத் தெரியும். அப்பாவ அன்னைக்கு என்ன வாசிச்சாங்கனு கேட்டா இப்பவும் முழிப்பாரு.