போதை பாவிக்கிறவங்களுக்கு டிப்ரஷன் இருக்கான்னு பாக்குறது எப்படி: உங்க கேள்விகளும் என் பதில்களும்

குடி, ஐஸ் (மெத்தம்பெட்டமின்), தூள் (ஹெரோயின்) இதெல்லாம் பாவிக்கிறவங்களோட மனச்சோர்வு பத்தி கேளுங்கன்னு போன கிழமை சொன்னேன், நெறைய பேர் அனுப்பியிருக்கீங்க. பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான் போட்டிருக்கேன். நான் மனநல கிளினிக்ல நர்ஸ், டொக்டர் இல்ல, மருந்து எழுதித் தர ஏலாது. ஆனா இந்தக் கேள்விகள நாங்க தினமும் நோயாளிங்ககிட்ட கேக்குறோம், அதுல தெரிஞ்சத சொல்றேன்.

ஹட்டன்: நாங்க தோட்டத்துப் பையன்களோட வேலை செய்றோம் அக்கா. டிப்ரஷன் இருக்கான்னு பாக்க ஃபோர்ம் ஏதாச்சும் இருக்கா?

இருக்கு தம்பி. பி.எச்.கியூ-9ன்னு சொல்வாங்க, 9 கேள்வி, காசில்லாம யாரும் பாவிக்கலாம். கடைசி 2 கிழமையில எத்தனை நாள் அப்படி இருந்துச்சுன்னுதான் கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3 வரைக்கும் புள்ளி, மொத்தம் 27. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா ஒழுங்கா ஒரு ஆள் உக்காந்து பாக்கணும்னு அர்த்தம், 20ஓ அதுக்கு மேலயோன்னா ரொம்ப கடுமை. நேரமில்லன்னா முதல் 2 கேள்விய மட்டும் கேக்கலாம், எதுலயும் ஆசை இல்லாம போச்சா, மனசு சோர்ந்து நம்பிக்கை இல்லாம இருக்கா, இந்த ரெண்டும் சேர்ந்து 3ஓ அதுக்கு மேலயோ வந்தா மிச்சத்தையும் கேளுங்க.

இப்ப முக்கியமான விஷயம். அந்த 9ல தூக்கம், களைப்பு, பசி, கவனம், உடம்பு பதட்டமோ மந்தமோ, இந்த அஞ்சும் போதையாலயே வரும், விட்ட கொஞ்ச நாள்லயும் வரும். அதனால 15ன்னு புள்ளி வந்த உடனே இவனுக்கு டிப்ரஷன்னு முடிவு கட்டாதீங்க, அதே நேரம் "அது போதைதான்"னு தள்ளியும் விடாதீங்க. இந்த ரெண்டாவதுதான் நம்ம ஊர்ல அதிகம் நடக்குது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ஆசை இல்லாம போறது, சோகம், நான் எதுக்கும் உதவாதவன்ங்கிற எண்ணம், செத்தா நல்லதுங்கிற எண்ணம், இந்த நாலுக்கும் என்ன பதில் வருதுன்னு தனியா பாருங்க. 2 கிழமை கழிச்சு திரும்பக் கேளுங்க, அதுக்கப்புறம் இன்னொரு தடவையும் கேளுங்க. ஒரே ஒரு தடவை எடுத்த புள்ளிய வெச்சு நான் எதையும் நம்ப மாட்டேன்.

கேக்குற இடமும் முக்கியம் தம்பி. லயத்து காம்பராவுல ஒரு பக்கம் பேசுனா மறுபக்கம் கேக்கும், அங்க வெச்சு கேட்டா எல்லாத்துக்கும் "இல்ல"ன்னுதான் சொல்லுவான். தனியா கூட்டிட்டுப் போய் நீங்களே வாசிச்சுக் கேளுங்க, எழுத வாசிக்கத் தெரியாதவங்களும் இருப்பாங்க. எந்த கிளினிக்குக்கு அனுப்புறது, யார் கூடப் போறதுன்னு முடிவு பண்ணாம இத ஆரம்பிக்காதீங்க, கேட்டுட்டு விட்டுட்டுப் போறது பாவம்.

பண்டாரவளை: மகன் கொழும்புல கடையில வேலை செஞ்சவன், ஐஸ் பழகிட்டு வந்திருக்கான். இப்ப எடுக்கிறதில்ல, ஆனா பகல் ராத்திரின்னு இல்லாம தூங்குறான், எழும்புனா அழுறான். இது டிப்ரஷனா?

அம்மா, ஐஸ் நிப்பாட்டுன உடனே முதல் சில நாள் இப்படித்தான் இருக்கும், தூக்கம் தூக்கமா வரும், பசி கூடும், மனசு கீழ விழுந்துடும். அடுத்த சில கிழமைல கொஞ்சம் கொஞ்சமா தெளியணும். ஒரு மாசம் தாண்டியும் அப்படியே கிடந்தான்னா அது தனி டிப்ரஷனா இருக்கலாம். ஐஸ் தொடுறதுக்கு முன்னாடியே, ஸ்கூல் போற காலத்துல இப்படி ஒதுங்கி இருந்தானா, நடுவுல கொஞ்ச மாசம் எடுக்காம இருந்தப்ப மனசு எப்படி இருந்துச்சு, குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த வருத்தம் இருந்துச்சா, இத எல்லாம் ஞாபகப்படுத்தி டொக்டர்கிட்ட சொல்லுங்க, ஃபோர்ம்ல வர்ற புள்ளிய விட இதுதான் அவருக்கு உதவும்.

ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் மாசம் பாத்துட்டு இருக்கக் கூடாது. "சாகணும்னு தோணுதாப்பா?"ன்னு இன்னைக்கே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்த நாமளே குடுத்த மாதிரி ஆயிடும்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாதும்மா, கேட்டதால மனசு லேசாகி அழுதவங்கள நான் பாத்திருக்கேன். ஆமான்னு சொன்னா தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. வீட்டுல காய்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, புல் மருந்து இருந்தா உடனே வெளிய கொண்டு போயிடுங்க. நம்ம இலங்கையில 1995 வாக்குல தற்கொலை உலகத்துலயே மேல் மட்டத்துல இருந்துச்சு, கடுமையான பூச்சி மருந்துகள ஒவ்வொண்ணா தடை பண்ணப் பண்ண சாவு குறைஞ்சுச்சு. கைக்கு எட்டாம வெக்கிறதே ஒரு உயிரக் காப்பாத்தும்.

மஸ்கெலியா: வீட்டுக்காரர் தவறணைக்குப் போறத நிப்பாட்டுனா மனசும் தானா சரியாயிடும்தானே, எதுக்கு டிப்ரஷன் அது இதுன்னு?

நீங்க சொல்றதுல பாதி உண்மைங்க. குடிய விட்டு 3, 4 கிழமையில நெறைய பேருக்கு சோகம் தானா குறையும். ஆனா எல்லாருக்கும் குறையாது, குறையாதவங்கதான் திரும்பக் குடிக்கப் போறாங்க, ஏன்னா அவங்களுக்கு குடிதான் தெரிஞ்ச ஒரே மருந்து. அதனால இப்பவும் பாக்கணும், ஒரு மாசத்துலயும் பாக்கணும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லணும். தினமும் சாராயமோ கசிப்போ குடிக்கிறவர வீட்டுல பூட்டி வெச்சு திடீர்னு நிப்பாட்டாதீங்க. கடைசியா குடிச்சு 6லருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், 2, 3 நாள்ல ஆள் மாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சு, உடம்பு நடுங்கி, சாவு வரைக்கும் போகலாம். கை நடுக்கமும் வேர்வையும் தொடங்குனா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தலவாக்கலை: நான் தூள் எடுக்குறேன். வாழவே பிடிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வருமா?

தம்பி, இத எழுதுனதே பெரிய விஷயம். தற்கொலைக்கு முயற்சி பண்றது நம்ம நாட்டுல இப்ப குற்றம் இல்ல, அந்தச் சட்டத்த 1998லயே எடுத்தாச்சு. என்ன எடுக்குறீங்க, எவ்வளவுன்னு நாங்க கேக்குறது வைத்தியத்துக்காக மட்டும்தான். இப்பவே 1926க்கு அடிங்க, அது தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர், ராத்திரியிலயும் எடுப்பாங்க. போதைய விடுறது பத்திக் கதைக்கணும்னா 1927, அது அபாயகர ஔடத சபையோடது. இன்னைக்கு ராத்திரி தனியா இருக்காதீங்க, நம்புற ஒருத்தர்கிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க. கொஞ்ச நாள் நிப்பாட்டிட்டு பழைய அளவுக்கே திரும்ப எடுத்தா உடம்பு தாங்காது தம்பி, மூச்சு நின்னுடும், அதனால பலர் செத்திருக்காங்க. "முதல்ல தூள விட்டுட்டு வா, அப்புறம் மனசப் பாப்போம்"னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, ரெண்டையும் சேர்த்தே பாக்க ஏலும்.

கொட்டகலை: தங்கச்சிக்கு பிள்ள பொறந்து ரெண்டு மாசம், யாருக்கும் தெரியாம குடிக்கிறா. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு.

ஆம்பள குடிச்சா அது சாதாரணம், பொம்பளன்னா ஊரே பேசும், அதனாலதான் இவங்க ஒளிஞ்சே செத்துப் போறாங்க. பிள்ள பெத்தவங்களுக்கு டிப்ரஷன் இருக்கான்னு பாக்கவே எடின்பரோ அளவுன்னு 10 கேள்வி இருக்கு, உங்க மிட்வைஃப்கிட்ட கேளுங்க. குடிக்கிறதையும் அவங்ககிட்ட மறைக்க வேணாம், பால் குடுக்குற பிள்ள இருக்கு.

லிந்துலை: டிப்ரஷன் மருந்தும் போதை மாதிரி பழகிடுமா? அண்ணன் ட்ரமடோல் (வலி மாத்திரை) போடுறவரு.

ஃப்ளுஒக்ஸட்டீன் மாதிரி மாத்திரை போதை ஏத்தாது, இன்னும் வேணும்னு தேட வைக்காது. வேலை செய்யவே 2லருந்து 4 கிழமை ஆகும், அதுக்குள்ள பலனில்லன்னு நிப்பாட்டிடுறாங்க, நல்லானதுக்கப்புறமும் டொக்டரக் கேக்காம சட்டுனு நிப்பாட்டக் கூடாது. தூக்கத்துக்குன்னு குடுக்குற டயசிபாம் வேற, அது பழகும். ஃப்ளுஒக்ஸட்டீன ட்ரமடோலோட சேர்த்துப் போட்டா வலிப்பு வரலாம், காய்ச்சல், நடுக்கம், குழப்பம்னு உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால அண்ணன் அத எடுக்குறாருன்னு டொக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும்.

பதுளை: டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு சிங்களம் வராது. எப்படி சொல்றது?

போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க: என்ன பாவிக்கிறாரு, எவ்வளவு, கடைசியா எப்ப, எத்தனை நாளா தூக்கமில்ல, சாகணும்னு சொன்னாரா. சிங்களம் தெரிஞ்ச ஒருத்தர் கூட வரட்டும், ஆனா பிள்ளைங்கள மொழிபெயர்க்க வைக்காதீங்க, தாயோ தகப்பனோ சாகணும்னு சொன்னத ஒரு சின்னப் பிள்ள வாயால சொல்ல வைக்கிறது கொடுமை. வார்டுல தமிழ் தெரிஞ்ச நர்ஸோ அட்டென்டனோ இருந்தா கூப்பிடச் சொல்லிக் கேளுங்க, கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.