‘மெட்’ பெருக்கம்: புள்ளி எண்ணும் வேலையிலிருந்து சில பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, நுரையீரல் புற்றுநோய்; புகைப் பழக்கமே கிடையாது. ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் இருந்த பிறழ்வுக்காக ஒன்றரை வருஷமா ஓசிமெர்டினிப் மாத்திரை சாப்பிட்டாங்க. இப்போ கட்டி மறுபடி வளருது; ரிப்போர்ட்டில் ‘மெட் ஆம்ப்ளிஃபிகேஷன்’னு இருக்கு. இது ரெண்டாவது புற்றுநோயா மேடம்?

பதில்: இல்லைம்மா, அதே கட்டிதான். மாத்திரை ஈஜிஎஃப்ஆர் என்ற வாசலை அடைத்தது; கட்டி கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது. மெட் மரபணு பல பிரதிகளாகப் பெருகிய செல்கள், ஹெர்3 என்ற புரதத்தின் வழியாக ‘வளர்’ என்ற அதே கட்டளையை உள்ளே அனுப்புகின்றன. புற்றுநோய் ஆய்வாளர் ஜெஃப்ரி எங்கல்மேனின் குழு 2007இலேயே கெஃபிட்டினிப் மாத்திரைக்கு அடங்காத கட்டிகளில் இதைக் காட்டியது.

கேள்வி: பிறழ்வும் பெருக்கமும் ஒன்றுதானே?

பதில்: பிறழ்வு எழுத்துப்பிழை. பெருக்கம், பிழையே இல்லாத பக்கத்தைக் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்து வைப்பது.

கேள்வி: அப்பாவுக்கு மெட் பிரதிகள் 6. ஆனாலும் டாக்டர் ‘பாலிசோமி, பெருக்கம் இல்லை’ என்கிறார். 6 என்பது அதிகம் இல்லையா?

பதில்: அதிகம்தான், ஆனால் எதோடு ஒப்பிட்டு? மெட் இருப்பது 7ஆம் குரோமோசோமில். அந்தக் குரோமோசோம் முழுசாகவே கூடியிருந்தால் (அதுதான் பாலிசோமி) மெட்டும் கூடவே எகிறும். அதனால் மரபணுவை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் ஃபிஷ் சோதனையில் மெட்டுக்கு ஒரு நிறம், குரோமோசோமின் மையத்துக்கு வேறு நிறம் கொடுத்து, செல் செல்லாக இரண்டையும் எண்ணுவோம். மெட் 6, மையம் 5 என்றால் விகிதம் 1.2தான். பொதுவாக 2ஐத் தொட்டால்தான் பெருக்கம் என்போம். (புள்ளி எண்ணியே கண் பூத்துப்போனவள் நான். விகிதம் போடாமல் வெறும் எண்ணிக்கையை மட்டும் எழுதும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.)

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் மெட் ‘இல்லை’ என்று வந்துவிட்டது. இன்னும் எதற்கு பயாப்சி?

பதில்: எழுத்துப்பிழையை ரத்தத்தில் பிடிப்பது சுலபம், எண்ணிக்கையைப் பிடிப்பது கஷ்டம். நல்ல செல்களின் டிஎன்ஏவும் ரத்தத்தில் மிதக்கிறது. அந்த வெள்ளத்தில் கட்டியின் கூடுதல் பிரதிகள் கரைந்துபோகும். தவிர, சில கட்டிகள் சிறுசெல் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாகவே உருமாறிவிடும். அதைத் திசுவில்தான் உறுதியாகப் பார்க்க முடியும். முடிந்தால் ஊசி வழியாகத் திசு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மருந்து இருக்கிறதா?

பதில்: ஈஜிஎஃப்ஆர், மெட் என்ற இரண்டு வழியையும் சேர்த்து அடைக்க வேண்டும். ஓசிமெர்டினிப்போடு, மெட்டைத் தடுக்கும் சவோலிடினிப் தருவதற்குச் சீனா 2025இல் அனுமதி அளித்தது. அமிவன்டமாப் என்ற ஊசி மருந்து ஒன்றே ஈஜிஎஃப்ஆர், மெட் இரண்டையும் பிடிக்கும். யாருக்கு எது என்பதை உங்கள் ஆன்காலஜிஸ்ட் சொல்லட்டும்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு வருமா?

பதில்: வராது. இந்தப் பெருக்கம் கட்டிக்குள்ளேயே உண்டானது.