ஜி1கே1 உடம்புக்கும் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. 1970களின் இறுதியில் டர்பன் சாலிஸ்பரி தீவில் கடற்படைப் பயிற்சி பெற்று, 24 ஆண்டுகள் கப்பலின் இயந்திர அறையில் பணியாற்றினார். தெருவில் அவர் வயதுக்காரர்கள் பலருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம். அவரோ "நான் ஜி1கே1, எனக்கு ஒன்றும் வராது" என்று பரிசோதனைக்கு வர மறுக்கிறார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, தைப்பூசக் காவடிக்கும் தயாராகிறார். பட்டாளத்தில் இருந்தவர்களின் உடல் மற்றவர்களுடையதைவிட உறுதியானதுதானா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அப்பா சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அந்த ஓரளவை நம்பித்தான் அவர் ஏமாறுகிறார்.

ஜி1கே1 என்பது அக்காலத் தென்னாப்பிரிக்கப் படையின் மருத்துவத் தரவரிசையில் மிக உயர்ந்த நிலை. இதயக் கோளாறு, ஆஸ்துமா, பார்வைக் குறை உள்ள இளைஞர்கள் வாசலிலேயே வடிகட்டப்பட்டார்கள். பொதுமக்கள் என்ற கூட்டத்திலோ அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களும், பிறவியிலேயே நோயுற்றவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே படைவீரர்களையும் பொதுமக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சேர்ந்த முதல் நாளிலேயே படைவீரர் பக்கம் ஆரோக்கியமாகத் தெரியும். அந்த வேறுபாட்டை உண்டாக்கியது தேர்வுதான், பயிற்சி அல்ல. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த முன்னிலை தேய்ந்துகொண்டே போகும். இருபது வயதில் கிடைத்த சான்றிதழை அறுபத்தாறு வயதில் நீட்டுவது, காலாவதியான ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸ்காரரிடம் காட்டுவது போலத்தான்.

ஸ்காட்லாந்தில் 1945 முதல் 1985 வரை பிறந்த சுமார் 57,000 முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை, படையில் சேராத சுமார் 1,73,000 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய தலைமுறை வீரர்களிடம் மாரடைப்பு பொதுமக்களைவிட அதிகமாகவே இருந்தது. பிந்தைய தலைமுறையினரிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அக்காலப் படைகளில் ஊறிப்போயிருந்த சிகரெட் பழக்கமே இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. தொடக்கத்திலேயே படையை விட்டுச் சென்றவர்களைவிட நீண்டகாலம் பணியாற்றியவர்கள் நலமாக இருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அப்பாவின் 24 ஆண்டுகள் அவருக்குச் சாதகமானவை; அவர் பிறந்த காலம் சாதகமானது அல்ல. அவர் புகைத்தாரா, எத்தனை ஆண்டுகள் புகைத்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

ஆனால் ஸ்காட்லாந்துக்காரரின் உடல்வாகு வேறு, நம்முடையது வேறு. டர்பனின் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதை உங்கள் தெருவே காட்டுகிறது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரை எட்டினாலே எச்சரிக்கை. கப்பலில் உழைத்த நாளில் சாப்பிட்ட அளவையே ஓய்வுபெற்ற பிறகும் சாப்பிடுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். உழைப்பு நின்றாலும் தட்டு சிறுத்துவிடுவதில்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று பொருள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், முடிவு சொல்வதற்குமுன் இன்னொரு முறையும் சோதிப்பார்கள்.

முழங்கால் வலியில் வியப்பில்லை. அமெரிக்கப் படையில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் பொதுமக்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. செங்குத்தான கப்பல் ஏணிகளில் பாரத்தோடு ஏறி இறங்கிய மூட்டுகள் அவை. எனக்குக் கவலை தருவது அந்த மாத்திரைதான். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பழுதாகலாம், வயிற்றில் புண்ணும் வரலாம். மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இயந்திர அறைக்கென்றே இன்னும் இரண்டு உண்டு. ஒன்று இரைச்சல். அது உட்செவியின் மயிர்செல்களை அழிக்கும்போது, பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளே முதலில் போகும். பேச்சு கேட்கும், ஆனால் சொல் தெளிவாக விளங்காது. தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் கூட்டிக்கொண்டே போகிறாரா, காதில் ரீங்காரம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மற்றொன்று கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அக்காலக் கப்பல்களில் நீராவிக் குழாய்களையும் கொதிகலன்களையும் சுற்றி அதைத்தான் போர்த்தினார்கள். நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பு 1960இல் நம் வடக்குக் கேப் பகுதி நோயாளிகளை வைத்துத்தான் முதலில் தெளிவாக நிறுவப்பட்டது. கல்நார்த் தூசி உள்ளே சென்று 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் அந்நோய் தலைகாட்டக்கூடும். அவருக்கு அது வரும் என்று நான் சொல்லவில்லை. மூச்சுத்திணறலோ விடாத இருமலோ வந்தால், "கப்பல் இயந்திர அறையில் 24 ஆண்டுகள்" என்ற விவரத்தை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பணிப் பதிவேடுகளின் நகல்களைத் தேடி எடுத்து வையுங்கள். 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் வழங்கும் உதவிகளில் மருத்துவ வசதியும் ஒன்று. அதற்கு அவர் பெயர் முன்னாள் படைவீரர் துறையின் பதிவில் இருக்க வேண்டும்.

காவடியைத் தடுக்க வேண்டாம், தடுத்தாலும் கேட்கமாட்டார். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். உணர்வு குறைந்திருந்தால் ஜனவரி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை சுடுவதுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஆண்டு காவடியை மகன் தோளுக்கோ பேரன் தோளுக்கோ மாற்றிவிடுங்கள்.