மறுமலர்ச்சியும் மதச் சீர்திருத்தமும்: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

ஏறக்குறைய 1400 முதல் 1550 வரையிலான ஐரோப்பாதான் இன்றைய பேச்சு. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளியில் மறுமலர்ச்சி ஒரு பாடம், மதச் சீர்திருத்தம் அடுத்த பாடம். இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஒரே ஒரு சொல்லை வைத்தே அதைக் காட்டிவிடலாம்.

மத்தேயு 4:17-ல் இயேசு சொல்வது கிரேக்க மூலத்தில் 'மெட்டனோயிட்டே'. மனம் மாறுங்கள் என்று பொருள். லத்தீன் வேதாகமத்தில் இது 'பேனிடென்ஷியம் ஆகிடே' ஆனது. இதை 'மனம் வருந்துங்கள்' என்றும் படிக்கலாம். 'பாவசங்கீர்த்தனம் செய்து (பாவங்களைக் குருவானவரிடம் அறிக்கையிட்டு), அவர் சொல்லும் பரிகாரத்தை நிறைவேற்றுங்கள்' என்றும் படிக்கலாம். இடைக்காலத்தில் இரண்டாவது பொருளே ஊன்றிப்போனது.

15ஆம் நூற்றாண்டில் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர், லத்தீன் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கச் சுவடிகளோடு ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி 1504-ல் லூவன் நகருக்கு அருகே ஒரு மடத்தில் நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸின் கையில் கிடைத்தது. மறு ஆண்டே அச்சில் கொண்டுவந்தார். 1516-ல் பாசெல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தம் லத்தீன் மொழிபெயர்ப்போடு சேர்த்து வெளியிட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு, மதச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் விவாதத்துக்கு முன்வைத்த 95 கருத்துரைகள். முதல் கருத்துரை இதே வசனத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது: விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும். இரண்டாவது, இந்தச் சொல் குருக்கள் நடத்தும் பாவசங்கீர்த்தனச் சடங்கைக் குறிக்காது என்கிறது. கிரேக்கம் அறிந்தவர்களிடமிருந்து இச்சொல்லின் பொருளைக் கற்றுக்கொண்டதை 1518-ல் ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'மனந்திரும்புங்கள்' என்று படிக்கிறோமே, கிரேக்கத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கும் சொல் அது.

கேள்வி: 1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்ததால்தானே மறுமலர்ச்சி பிறந்தது?

இல்லை. ஃப்ளாரன்ஸில் மானுவேல் கிரிசோலோரஸ் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397-ல். பழைய லத்தீன் நூல்களைத் தேடி அலைந்த பெட்ரார்க் 1374-லேயே இறந்துவிட்டார். 1453-க்குப் பின் வந்த அறிஞர்களும் சுவடிகளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் வந்து சேர்ந்த தண்ணீர்.

கேள்வி: லூதர் தேவாலயக் கதவில் ஆணி அடித்தது உண்மையா?

95 கருத்துரைகளைத்தானே கேட்கிறீர்கள்? அடித்திருக்கலாம். பல்கலைக்கழக அறிவிப்புகளைக் கதவில் ஒட்டுவது லூதர் கற்பித்த விட்டன்பர்க்கில் வழக்கம்தான். ஆனால் லூதர் அப்படிச் சொன்னதாகத் தெளிவான சாட்சியம் இல்லை. அந்தக் கதையைப் பிரபலப்படுத்தியவர் லூதரின் சக பேராசிரியர் மெலன்க்தன், அதுவும் 1546-ல் லூதர் இறந்த பிறகு. அவர் விட்டன்பர்க்குக்கு வந்ததே 1518-ல். உறுதியாகக் கையில் இருப்பது, 1517 அக்டோபர் 31 தேதியிட்டு மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு லூதர் எழுதிய கடிதம்.

கேள்வி: பாவமன்னிப்புச் சீட்டு என்ன விலைக்கு விற்றார்கள்?

வாங்குபவரின் அந்தஸ்தைப் பொறுத்து மாறியது. ஆனால் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று எழுதாதீர்கள். எப்போதும் சொல்கிறேன், இப்போதும் சொல்கிறேன். கத்தோலிக்கத் தமிழில் இதற்குப் 'பலன்' என்று பெயர்; 'பரிபூரண பலன்' என்று கேட்டிருப்பீர்கள். பாவத்தை மன்னிப்பது பாவசங்கீர்த்தனம். மன்னிப்புக்குப் பிறகும் மிச்சமிருக்கும் தண்டனையை, இங்கேயோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ (இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் இடம்), குறைப்பதுதான் பலன்.

மறுப்பு: ஐயா, இது இறையியல் புத்தகத்தில் உள்ள பேச்சு. காசு கொடுத்த ஏழைக்கு மன்னிப்பு என்றுதானே சொல்லி விற்றார்கள்? பாடநூல் சொல்வதில் என்ன தவறு?

நியாயமான மறுப்பு, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1454, 1455-ல் மைன்ஸில் அச்சான சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. சைப்ரஸைத் துருக்கியரிடமிருந்து காக்கப் பணம் திரட்டியபோது அடித்தவை. ஒரு பக்கத் தோல்தாள், வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் காலியிடம் விட்ட படிவம். அதில் எழுதியிருப்பதைப் படித்தால், தனக்குப் பிடித்த குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து முழுப் பலனையும் பெறும் உரிமையைத்தான் அது தருகிறது. சீட்டு மட்டும் போதும் என்று அதில் இல்லை.

மறுப்பு: டெட்சல்?

லூதர் காலத்தில் ஊர் ஊராகப் பிரசங்கித்துப் பலன் விற்ற துறவி டெட்சல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். பிரசங்க மேடையில் இந்த வேறுபாடு காணாமல் போனது. காசு பெட்டியில் விழுந்து ஒலித்ததும் ஆன்மா பறந்துபோகிறது என்ற பேச்சை லூதரின் 27ஆம் கருத்துரை நேராகவே எதிர்க்கிறது. பணம் போன வழியையும் பாருங்கள். ஆல்பிரெக்ட் பேராயர் பதவிக்காக ஃபுக்கர் என்ற வங்கியாளர் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கியிருந்தார். வசூலில் பாதி அந்தக் கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு. லூதர் இருந்த சாக்சனிக்குள் டெட்சலுக்கு அனுமதி இல்லாததால், விட்டன்பர்க்கு மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் போய் வாங்கி வந்தார்கள். அந்த மக்களின் நம்பிக்கையைச் சொல்ல உங்கள் சொல் பொருந்தும். திருச்சபையின் போதனையைச் சொல்லப் பொருந்தாது. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

கேள்வி: கான்ஸ்டாண்டிநோபிள் 1453...

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: டாவின்சியின் ஓவிய நுட்பம் பற்றிச் சொல்லுங்கள்.

என் துறை இல்லை. ஓவிய வரலாறு படித்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆணி அடித்தது அக்டோபர் 31 காலையா, மாலையா?

கேட்பதற்கு முன் மேலே உள்ளதைப் படியுங்கள், தயவுசெய்து. அடித்தாரா என்பதே உறுதியில்லை என்று எழுதியிருக்கிறேன்.

கேள்வி: லூதருக்கு முன் யாருமே எதிர்க்கவில்லையா?

திருச்சபையை விமர்சித்த போஹேமியப் போதகர் யான் ஹுஸ் 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸில் உயிரோடு எரிக்கப்பட்டார். பாதுகாப்பாக வந்து போகலாம் என்று மன்னர் சிகிஸ்மண்ட் வாக்குக் கொடுத்துத்தான் அழைத்தார்கள். 1384-ல் இறந்த ஆங்கிலேய இறையியலாளர் விக்ளிஃபின் எலும்புகளை 1428-ல் தோண்டியெடுத்து எரித்தார்கள். இவர்களை 'முன்னோடிகள்' என்று ஒரு வரியில் தாண்டிப் போகும் பாடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கேள்வி: இதெல்லாம் தமிழ்நாட்டைத் தொட்டதா?

தொட்டது, பிறகு. ஜெர்மனியின் ஹாலேயில் லூத்தரன் இறையியல் படித்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அவர் தமிழுக்குக் கொண்டுவந்தது லத்தீனிலிருந்து அல்ல, கிரேக்கத்திலிருந்து.