பாட்டு இயந்திரமும் ஃபூரியேவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்னணுவியல் படித்து முடித்துவிட்டு, ஒலி சிக்னல் ப்ராசஸிங்கில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். இயந்திரம் உருவாக்கும் இசையில் ஆய்வு செய்ய ஆசை. நண்பர்கள் சிரிக்கிறார்கள். ‘ஒரு வரி எழுதிப் போட்டால் முழுப் பாட்டு வருகிறது. இனி ஃபூரியேவும் ஃபில்டரும் யாருக்கு வேண்டும்? நேராக மெஷின் லேர்னிங் படி’ என்கிறார்கள். இந்தத் துறையில் செய்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இன்னொன்றும் உறுத்துகிறது: இது இசைக்கலைஞர்களுக்குச் செய்யும் துரோகமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. மெஷின் லேர்னிங் தெரியாமல் இன்று இந்தத் துறைக்குள் நுழைய முடியாது. ஆனால் அந்தப் பாட்டு இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், எந்த ஒலியையும் பல அலைவெண்களின் கூட்டாகப் பிரித்துப் பார்க்கும் கணிதத்தைத் தந்த ஃபூரியே, உள்ளே சௌகரியமாகவே உட்கார்ந்திருக்கிறார்.

குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடி ஒலி என்பது 44,100 எண்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு, ஒரு சேனலுக்கே கிட்டத்தட்ட 80 லட்சம். 2016இல் வந்த வேவ்நெட் என்ற மாடல் இப்படி எண்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊகித்தது. பேச்சுக்கு அது ஒத்துவந்தது. முழுப் பாட்டுக்குத் தாங்காது. எனவே இப்போது ஒலியை முதலில் சுருக்கிக்கொள்கிறார்கள். மெட்டா 2023இல் வெளியிட்ட மியூசிக்ஜென் என்ற பாட்டு மாடலில் ஒரு நொடிக்கு 32,000 எண்கள்தான்; அவையும் 200 டோக்கன்களாக, அதாவது சுருக்கக் குறியீடுகளாக, ஆகிவிடுகின்றன. மாடல் ஊகிப்பது இந்த 200ஐத்தான்.

சரி, சுருக்கியதை விரித்தால் பழைய ஒலி வருகிறதா என்று பயிற்சியின்போது யார் சரிபார்ப்பது? பெரும்பாலும் ஃபூரியே வழிக் கணக்குகள்தான். அவற்றில் முக்கியமானது மெல் ஸ்பெக்ட்ரோகிராம்: எந்த நேரத்தில் எந்த அலைவெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று காட்டும் படம். நம் காது சுருதியை உணரும் விதத்தை ஒட்டி 1930களில் உருவான அளவுகோல் அதன் அடிப்படை. இந்தக் கணக்குகளில் சிக்காத குறையை இயந்திரம் குறையாகவே எண்ணாது. டிரம் செட்டின் சிம்பல் தட்டு ஓசை மணலைக் கொட்டினாற்போல் வருகிறது என்று வையுங்கள். ‘இன்னும் கொஞ்சம் டேட்டா போடலாம்’ என்பார் ஒருவர். ‘எந்த விண்டோ (ஒருமுறைக்குக் கணக்கிட எடுக்கும் ஒலித்துண்டு) நீளத்தில் இது தொலைந்தது?’ என்று கேட்பார் இன்னொருவர். நான் வேலைக்கு எடுப்பதாக இருந்தால் இரண்டாமவரைத்தான் எடுப்பேன்.

விண்டோ என்றதும் ஒன்று. 44,100இல் 2,048 எண்களை ஒரு துண்டாக எடுத்தால் அதன் நீளம் 46 மில்லி நொடி. அலைவெண்ணில் அது பார்க்கும் இடைவெளி ஏறத்தாழ 21.5 ஹெர்ட்ஸ். பியானோவின் கீழ்ப்பக்கத்தில் 65 ஹெர்ட்ஸிலும் 69 ஹெர்ட்ஸிலும் அடுத்தடுத்த இரண்டு கட்டைகள் இருக்கின்றன. அந்தத் துண்டால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. பிரிக்க வேண்டுமானால் கால் நொடியாவது வேண்டும்; அதற்குள் டிரம் வாசிப்பவர் இரண்டு அடி அடித்துவிடுவார், எந்த அடி எப்போது விழுந்தது என்பது குழம்பிவிடும். எவ்வளவு பெரிய நெட்வொர்க்கைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்தப் பேரத்திலிருந்து தப்ப முடியாது. எங்கே விட்டுக்கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், உருவாக்குவதைவிட மதிப்பிடுவதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. இயந்திரம் உருவாக்கிய ஒலிகள் உண்மையான ஒலிகளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று சொல்ல ஃப்ரெஷே ஆடியோ டிஸ்டன்ஸ் என்று ஓர் அளவு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். குறைந்தால் நல்லது என்பார்கள். அதன் முதல் வடிவம் விஜிஜிஷ் என்ற நெட்வொர்க்கின் காதை இரவல் வாங்குகிறது. அந்தக் காதுக்கு 7,500 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. ஸ்டீரியோ என்றால் என்னவென்றும் தெரியாது. சிம்பலின் மினுமினுப்பு பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது! மனிதர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்யும் சோதனை மெதுவானது, அலுப்பானது. அதனால் பலரும் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காது எதை எப்போது கவனிக்கிறது என்று தெரிந்த ஓர் அளவை நீங்கள் உருவாக்கினால், புதிதாக இன்னொரு பாட்டு இயந்திரம் செய்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வழிகாட்டியைத் தேடும் முன் உங்கள் கேள்வி இசையைப் பற்றியதா, ஒலியைப் பற்றியதா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் 1950களிலேயே தனித்தனியாகத் தொடங்கியவை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் கணினியை ஸ்வரங்கள் எழுத வைத்தார்கள். நால்வர் அதை வயலின் குடும்ப வாத்தியங்களில் வாசித்தார்கள். பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் கணினியையே ஒலிக்க வைத்தார். இன்றைய மாடல்கள் இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டன. ஆய்வறிக்கை எழுதும்போது நீங்கள் விழுங்க முடியாது.

துரோகம் பற்றி. கணிதத்தில் துரோகம் இல்லை, அனுமதியில்லாமல் பயிற்சிக்கு எடுத்த டேட்டாவில் இருக்கலாம். 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற பாட்டு இயந்திர நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்குகளும் இதைப் பற்றியவைதான். அனுமதி பெற்ற ஒலிப்பதிவுகளை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுங்கள். மாடல் சிறிதாகிவிடும். ஆகட்டுமே.

அப்புறம், விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். 100 எண்களைத் தாறுமாறாக நிரப்பி வரிசையாக வையுங்கள். முதல் எண்ணை எடுத்து ஒலிக்க விடுங்கள். அதற்கும் அடுத்ததற்கும் சராசரி கண்டு வரிசையின் கடைசியில் சேருங்கள். நொடிக்கு 44,100 முறை இதையே செய்தால் கம்பியை மீட்டிய ஒலி வரும். 1983இல் கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட முறை இது. நிரல் பத்து வரியைத் தாண்டாது. 44,100ஐ 100ஆல் வகுத்தால் 441 ஹெர்ட்ஸ் வர வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் 443க்குப் பக்கத்தில் இருக்கும். ஏன் என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.