புட்டிப்பால் குட்டிகள் மேய்ச்சலுக்குப் போக மறுக்கின்றன, என்ன செய்வது?

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு, பதினைந்து செம்மறி ஆடும் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் ஒரு தாயாடு ஈன்ற மறுநாளே செத்துவிட்டது. அதன் இரண்டு குட்டிகளையும் (ஒரு கிடாய், ஒரு பெட்டை) பசும்பால் புகட்டிப் பின்கட்டிலேயே வளர்த்தேன். இப்போது 50 நாள் ஆகிறது. மந்தையோடு அனுப்பினால் அரை மணி நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்து கத்துகின்றன. பாலை நிறுத்திவிட்டால் பசித்துத் தானாக மேயும் என்கிறார் என் வீட்டுக்காரர். செய்யலாமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. பசித்தால் மேயும் என்பது தாயோடு சுற்றிய குட்டிக்குச் சரி. தாய் எதைக் கடிக்கிறது, எதை ஒதுக்குகிறது, வெயில் ஏறினால் எந்த நிழலுக்குப் போகிறது என்று கூடவே நின்று பழகியிருக்கும். உங்கள் குட்டிகள் பார்த்ததெல்லாம் உங்கள் சேலைத் தலைப்பும் பால் புட்டியும்தான். வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு வீட்டில் ஒரே நாளில் பாலை நிறுத்தி மந்தையோடு விடச் சொன்னேன். ஐந்தாம் நாள் அந்தக் குட்டி எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு பாலையும் இடத்தையும் ஒரே வாரத்தில் மாற்றச் சொல்வதில்லை.

நாளை எண்ணாதீர்கள், வயிற்றைப் பாருங்கள். குடிக்கிற பால் பெருவயிற்றில் தங்காமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். பெருவயிறு வளர வேண்டுமானால் தழையும் தீவனமும் உள்ளே போக வேண்டும். மத்தியானம் குட்டி படுத்திருக்கும்போது சத்தம் காட்டாமல் கவனியுங்கள். தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வரும், பிறகு தாடை பக்கவாட்டில் அரைக்கும். இது தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. கூடவே, ஒரு குட்டி நாளுக்கு 100 முதல் 150 கிராம் அடர்தீவனத்தை மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும். மக்காச்சோளக் குருணை 4 பங்கு, கடலைப் புண்ணாக்கு 3 பங்கு, கோதுமைத் தவிடு 3 பங்கு, கொஞ்சம் உப்பு என்று கலந்து வையுங்கள். தாது உப்பு சேர்த்தால் செம்மறி ஆட்டுக்கென்று விற்பதையே வாங்குங்கள். தாமிரம் கூடினால் செம்மறிக்கு விஷம், மாட்டுக் கலவை வேண்டாம்.

அடுத்தது, புட்டியை இடம் மாற்றுங்கள். பின்கட்டில் பால் கிடைக்கும்வரை அவை பின்கட்டுக்குத்தான் ஓடிவரும். நாளையிலிருந்து ஆட்டுக்கொட்டிலில் மட்டும் பால், அதுவும் மந்தை திரும்பிய பிறகு. நாலைந்து இரவு கொட்டிலிலேயே தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் படுக்கட்டும். சாதுவான ஒரு கிழ ஆட்டைத் துணைக்கு விடுங்கள். மேய்ச்சலுக்கு வேறு யாராவது ஓட்டிப் போகட்டும். உங்கள் குரல் கேட்டால் கதை முடிந்தது, ஓடிவந்துவிடும்.

முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும். இப்போது மார்கழிப் பனி. ஈரப் புல் நுனியில்தான் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும். வீட்டுக்குள் வளர்ந்த குட்டிக்கு அவற்றைத் தாங்கும் பழக்கமே இல்லை. எனவே பனி காய்ந்து பத்து மணிக்கு மேல் விடுங்கள். கண்மாய், ஊரணிக் கரைப் புல்லில் விடாதீர்கள், அங்கே நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும். வாரம் ஒருமுறை கீழிமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் சாணியை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மூன்றாம் மாதத்தில் முழு நாள் மேயலாம். பாலை அதற்குள் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

இன்னொன்று, உங்கள் குட்டிகள் வழவழப்பான தரையில் வளர்ந்தவை. குளம்பு மெத்தென்றிருக்கும், சீமைக்கருவேல் முள் சுலபமாக ஏறும். சாயங்காலம் நான்கு காலையும் தூக்கிக் குளம்பு இடுக்கைத் தடவிப் பாருங்கள். வீட்டு நாயோடு விளையாடி வளர்ந்திருந்தால் தெருநாயைக் கண்டும் பயப்படாமல் நிற்கும். ஆள் கூடவே இருக்க வேண்டும்.

தை அறுப்பு முடிந்த வயலில் நெல் சிந்திக் கிடக்கும். அதில் பசியோடு விடாதீர்கள். கல்யாண வீட்டுச் சோறு மிஞ்சியது என்று யாராவது அண்டாவோடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் வயிறு புளித்துக் குட்டி சாயும், துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் வரும். துள்ளுமாரித் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாய்க்கு ஊசி போட்டிருந்ததா, குட்டிகள் சீம்பால் குடித்தனவா என்பதையும் சொல்லிவிடுங்கள். வயிறு உப்பி, பல்லைக் கடித்துப் படுத்துவிட்டால் காத்திருக்காமல் கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணுக்கு அழையுங்கள்.

கிடாய்க்குட்டியின் நெற்றியைப் பிள்ளைகள் தள்ளி விளையாடுகிறார்களா? இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மனிதருக்குப் பயப்படாமல் வளர்ந்த கிடாய் ஒரு வயதில் அதே விளையாட்டை முப்பது கிலோவோடு ஆடும். அந்த நேரம் நீங்கள் குனிந்து தவிட்டுச் சட்டியை வைத்துக்கொண்டிருப்பீர்கள்.